வாரண்டி அட்டைப்பெட்டியோடு போய்விடக் கூடாது

பத்து ஆண்டு வாரண்டி என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டு விற்கப்படும் சாக்கெட் ஒன்று எட்டாம் மாதத்திலேயே லூஸ் காண்டாக்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மாற்றி வாங்க முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து போர்டைக் கழற்ற வேண்டும். பிறகு பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் "கம்பெனி ரெப் வரட்டும், பார்க்கலாம்" என்பார். ரெப் வந்து, புதியது கிடைத்தாலும், அதை மாட்ட மறுபடியும் எலக்ட்ரீஷியனுக்குக் கூலி தர வேண்டும். பொருளின் விலையோ நூறு, இருநூறு ரூபாய். அலைச்சலும் கூலியும் அதைவிடப் பல மடங்கு ஆவதால் யாரும் கேட்கப் போவதில்லை, புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இது தயாரிப்பாளருக்கும் நன்றாகத் தெரியும். பத்து என்று அச்சடிப்பதும் இருபது என்று அச்சடிப்பதும் அவருக்கு ஒன்றுதான். வாரண்டி காலத்தில் கெட்டுப்போன சாக்கெட்டை, அந்த பிராண்டை விற்கும் எந்தக் கடையிலும், பில் கேட்காமல், கையோடு மாற்றித் தர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்க வேண்டும். திரும்பி வரும் ஒவ்வொன்றும் பேட்ச் வாரியாகப் பதிவாகவும் வேண்டும்.

நூறு ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்கலாம். மிக்ஸி கெட்டால் சட்னி அரைபடாது, அவ்வளவுதான். சாக்கெட் கெட்டால் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஆபத்து அங்கேதான். பிளக்கின் பின்னை உள்ளே இறுக்கிப் பிடிக்க வேண்டிய பித்தளைப் பட்டை தளர்ந்துபோனால், தொடும் இடத்தில் மின்தடை கூடுகிறது. பத்து ஆம்பியர் ஓடும் இடத்தில் கால் ஓம் தடை இருந்தாலே 25 வாட் வெப்பம். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னின் சூடு அது. அந்தச் சூடு சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் கூட்டில் மணிக்கணக்கில் அடைந்து கிடக்கிறது. ஓடும் மின்சாரத்தின் அளவு கூடாததால் எம்.சி.பி. விழாது. கசிவு இல்லாததால் ஆர்.சி.சி.பி.யும் விழாது. வீட்டில் உள்ள எந்தப் பாதுகாப்புக் கருவிக்கும் தெரியாமல் நடக்கும் கேடு இது. கீசர் பாயிண்டைச் சுற்றி பிளேட் மஞ்சள் பூப்பதும், பிளக்கை உருவும்போது பின் சுடுவதும்தான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

இதையெல்லாம் உத்தேசித்துத்தான் ஐ.எஸ். 1293 என்ற இந்தியத் தர நிர்ணயம் வகுக்கப்பட்டிருக்கிறது. சோதனையில் டெர்மினலின் சூடு சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. பிளக்கை ஆயிரக்கணக்கான தடவை செருகி உருவிய பிறகும் பிடிமானம் தளரக் கூடாது. ஆனால் சோதனைக்குப் போவது மாதிரிகள் மட்டுமே. ஒரு பேட்சில் பித்தளை மெலிந்துபோனதும் ஸ்பிரிங் சரியாகப் பதப்படாததும் வீடுகளில்தான் தெரியவரும். தெரிந்ததும் அந்தச் சாக்கெட் குப்பைக்குப் போகிறது. திரும்பி வந்தால் தயாரிப்பாளருக்கும் தர நிர்ணய அமைவனத்துக்கும் அது ஒரு தகவல். ஒரே பேட்சிலிருந்து பல ஊர்களில் பட்டை தளர்ந்து வருகிறது என்றால், மிச்சம் இருப்பவற்றைத் தீப்பிடிக்கும் முன்பே சுவரிலிருந்து எடுத்துவிடலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது. 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று எத்தனை கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. ஆனால் சாக்கெட் விஷயத்தில் இந்த 30 நாள் வேடிக்கையாகிவிடுகிறது. வீடு கட்டும்போது சுவிட்சும் சாக்கெட்டும் மொத்தமாக வாங்கப்படுகின்றன. பூச்சும் பெயிண்டும் முடிந்து, மின் இணைப்பு கிடைத்து, கிரகப்பிரவேசம் ஆகி, முதல் பிளக் செருகப்படுவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிட்ட அட்டைப்பெட்டி கட்டடக் குப்பையோடு போயிருக்கும். பில்லோ பெரும்பாலும் பிறக்கவே இல்லை. "ஜி.எஸ்.டி. போட்டா, போடாமலா?" என்ற கேள்விக்குப் பின் வாடிக்கையாளர் கைக்கு வருவது எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு. அதுவும் கான்ட்ராக்டரின் சட்டைப் பையில் இருக்கும். வாடகைக்கு இருப்பவருக்கு அந்தச் சீட்டும் கிடையாது.

எனவே வாரண்டிக்குச் சாட்சி பொருளின் உடம்பிலேயே இருக்க வேண்டும். தயாரிப்பு மாதமும் பேட்ச் எண்ணும் சாக்கெட்டின் முதுகில் அழியாமல் பொறிக்கப்பட வேண்டும். கிடங்கிலும் கட்டடத்திலும் கழியும் காலத்துக்காக ஓராண்டு சலுகை சேர்த்து, தயாரிப்புத் தேதியிலிருந்தே வாரண்டியைக் கணக்கிட்டால் பில்லுக்கு வேலையே இல்லை.

பழுதில் பெரும்பங்கு எலக்ட்ரீஷியனின் கைவண்ணம், அதற்கு நாங்கள் பொறுப்பா என்று தயாரிப்பாளர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஸ்க்ரூவைச் சரியாக முறுக்காமல் விடுவதும், 6 ஆம்பியர் பாயிண்டில் மல்டி பிளக் போட்டு இரண்டு ஹீட்டரை ஓட்டுவதும் நடக்கின்ற விஷயங்கள்தான். ஆனால் கருகிய சாக்கெட்டைப் பிரித்தால் பல நேரம் விடை தெரியும். ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் ஒயர் நுழையும் டெர்மினலில் கருக்கல் தொடங்கியிருக்கும், பட்டை தளர்ந்திருந்தால் பின் நுழையும் வாயில் தொடங்கியிருக்கும். இந்த ஆராய்ச்சியைச் செய்ய ஆய்வகம் வைத்திருப்பவர் தயாரிப்பாளரே. 'எரிந்த பொருளுக்கு வாரண்டி பொருந்தாது' என்ற பொடி எழுத்து வரி அந்த வேலையிலிருந்து அவருக்கு விடுப்பு கொடுத்துவிடுகிறது. முதலில் மாற்றித் தரட்டும், பிறகு பிரித்துப் பார்க்கட்டும். நுகர்வோர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதாகட்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் வழக்குப் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் வழக்கை முடிக்கச் சட்டம் சொல்லும் காலக்கெடு ஐந்து மாதம், சோதனைக் கட்டணமும் வழக்குப் போட்டவர் தலையில் விழலாம். நூறு ரூபாய்க்கு அந்தப் படியேற யார் வருவார்?

சில்லறைக் கடைக்காரரின் கவலை வேறு. மாற்றிக் கொடுத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரிடம் அவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமையை அவர் மீது ஏற்றக் கூடாது. பழையதை ஒப்படைத்ததும் அடுத்த பில்லிலேயே அதன் விலையைக் கம்பெனி கழித்துத் தர வேண்டும், கையாளும் செலவுக்கும் ஒரு தொகை தர வேண்டும். இதனால் சாக்கெட் விலை சில ரூபாய் ஏறலாம், ஏறட்டும். போலிச் சரக்கை எல்லாம் கொண்டுவந்து தள்ளிவிடுவார்களே என்ற அச்சமும் உண்டு. ஆனால் போலிகள் எந்த ஊரில், எந்தக் கடை வழியாகப் புழங்குகின்றன என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி ஏது? ஐ.எஸ்.ஐ. உரிம எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் இருக்கிறது. 2022இல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்ற பெரிய இணைய நிறுவனம் ஒன்றை, அவற்றைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொல்லி ஆணையிட்டது. குக்கருக்குக் காட்டிய சுறுசுறுப்பைச் சாக்கெட்டுக்கும் அது காட்டலாம். தமிழக அரசு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சாக்கெட் வாங்கிப் போடுவது அரசுதான். பேட்ச் எண் பொறிக்காத, பில் இல்லாமல் மாற்றித் தர ஒப்பாத பிராண்டுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்று ஒரு நிபந்தனையை டெண்டரில் சேர்க்கச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம், துறைச் செயலரின் ஒரு சுற்றறிக்கை போதும்.