வானத்திலும் வாசல் உண்டு!

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்திலுள்ள செரிட்டோஸ் நகருக்கு மேலே 1986 ஆகஸ்டு 31-ல் பயணி விமானமும் குட்டி விமானமும் மோதின. 82 பேர் பலி! அனுமதி வாங்காமலே கட்டுப்பாட்டு எல்லைக்குள் நுழைந்திருந்தது குட்டி விமானம்.

அந்த எல்லைக்கு இன்று ‘பி’ வகுப்பு வான்வெளி என்று பெயர். தலைகீழாக நிறுத்திய அடுக்குப்பானை மாதிரி, மேலே போகப் போக அகலம் கூடும். கோடு கண்ணுக்குத் தெரியாது. ‘சி’, ‘டி’ வகுப்புகளில் கட்டுப்பாட்டு அறை விமான எண்ணைச் சொல்லிப் பதில் பேசினாலே நுழையலாம். ‘பி’யில் அந்தக் கதை நடக்காது. ‘அனுமதி’ என்ற சொல்லே காதில் விழ வேண்டும்.

தனியே பறக்கும் மாணவருக்கு, அங்கேயே பயிற்சி தந்த ஆசிரியரின் கையெழுத்தும் வேண்டும். அதுவும் 90 நாளுக்குத்தான் செல்லும். கெடுபிடி என்று முணுமுணுக்கலாமா? செரிட்டோஸில் செத்தவர்களில் 15 பேர் தரையில் இருந்தவர்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?