நிக்கோ என்னும் தூதுவர்

கிளிநொச்சியில் உயர்தர வகுப்பில் இரசாயனம் பயிலும் மாணவர் ஒருவர் எம்மிடம் ஒரு வினா விடுத்தார். புகையிலையிலுள்ள நஞ்சுக்கு 'நிக்கோட்டீன்' என்ற பெயரை அப்படியே எழுதுகின்றோமே, அதற்குத் தமிழ் இல்லையா என்பது அவர் கேள்வி. தமிழில் ஒரு சொல்லை ஆக்குவது அரிதன்று. ஆயின், ஆக்கினால் அச்சொல்லுக்குள் இருக்கும் ஒரு மனிதரை இழந்துவிடுவோம்.

அவர் பெயர் ஜீன் நிக்கோ. 1559ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னரின் தூதுவராக லிஸ்பன் நகர் சென்றவர். அமெரிக்காவிலிருந்து அங்கு வந்திருந்த புகையிலையைப் புண்ணாற்றும் அரிய மூலிகையென நம்பி, 1560இல் தம் நாட்டுக்கு அனுப்பி வைத்தார். நஞ்சென அவர் கனவிலும் கருதவில்லை. அவர் குடும்பப் பெயரோ 'நிக்கொலா' என்பதன் செல்லக் குறுக்கம். அதன் கிரேக்க மூலத்திற்கு 'மக்களின் வெற்றி' என்று பொருள். எத்தகைய பெயர் எதன்மேல் போய் ஒட்டியது, பாருங்கள்!

பிரெஞ்சு மொழியில் இப்பெயரின் ஈற்று 'ட்' ஒலிப்பதில்லை. பின்னொட்டுச் சேர்ந்ததும் அது வாய் திறந்துவிடுகின்றது. 1753இல் லின்னேயசு புகையிலைப் பேரினத்திற்கு 'நிக்கோட்டியானா' எனப் பெயரிட்டார். 1828இல் ஜெர்மானியர் இருவர் அதன் நஞ்சைப் பிரித்தெடுத்தபோது அதுவும் அப்பெயரையே பெற்றது. ஆங்கிலேயர் இச்சொல்லின் முதலசையை அழுத்தி உச்சரிப்பர். எம் மாணவர் ஈற்றசையை நீட்டி அழுத்துகின்றனர்.

நிக்கோ ஓர் அகராதி ஆசிரியருமாவார். அவர் தொகுத்த பிரெஞ்சு அகராதி அவர் மறைந்தபின் 1606இல் வெளியாயிற்று. அதில் அச்செடியின் பெயரும், அப்பெயர் யாரால் வந்தது என்பதும் இடம்பெற்றுள்ளன. தம் பெயரையே ஒரு சொல்லாகத் தம் அகராதியிற் காணும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

தமிழர் நாம் இந்த வம்புக்கே போகவில்லை. புகைக்கும் இலையைப் புகையிலை என்றோம், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் வரை சென்று விலைபோன காலத்திலும் அதற்கு எவர் பெயரும் சூட்டப்படவில்லை. எனினும் எமது 'சுருட்டு' கடல் கடந்து 'செரூட்' என ஆங்கிலத்தில் அமர்ந்துவிட்டது. நஞ்சின் பெயர் பிரெஞ்சுக்காரருடையது. அதைச் சுருட்டிய கைவண்ணத்தின் பெயர் எம்முடையது. இதிற் பெருமைகொள்வதா என்பதை வாசகரே முடிவுசெய்க.

நிக்கோட்டீனிலிருந்து வேதியியலார் பெற்ற நிக்கோட்டினிக் அமிலம் பின்னர் உடலுக்கு வேண்டிய உயிர்ச்சத்து என அறியப்பட்டது. அமெரிக்காவில் அதனை மாவிற் கலக்க முற்பட்டபோது, உரொட்டியில் புகையிலை நஞ்சு கலந்துள்ளதென மக்கள் அஞ்சுவரே என்ற கவலை எழுந்தது. 1940களில் 'நயாசின்' என்று பெயரை மாற்றினர். அதன் முதலெழுத்துகளில் நிக்கோ இன்றும் ஒளிந்திருக்கின்றார்.

இப்புகழ் முறைப்படி அவருக்கு உரியதுதானா? அந்திரே தெவே என்ற துறவி இல்லையென்றார். அவர் 1555இல் பிரேசிலுக்கே சென்று, புகையிலையைக் கண்டு, 1557இல் நூலும் எழுதியவர். அதன் வித்தைப் பிரான்சுக்கு முதலிற் கொணர்ந்தவன் நான், அங்கு காலடி வையாத ஒருவர் தம் பெயரைச் சூட்டிக்கொண்டார் என்று பின்னாளில் மனம் வெதும்பி எழுதினார். அவர் பக்கம் நியாயம் உண்டென்றே எமக்குப் படுகின்றது.

லின்னேயசு அவரையும் மறந்தாரல்லர். 'தெவெட்டியா' என்றொரு பேரினத்தை அவர் பெயரால் அமைத்தார். அது வேறெதுவுமன்று, எம் வேலியோரங்களிற் பூத்து, பூசைத் தட்டுக்கும் வரும் மஞ்சள் அலரியே. இருதயத்தைத் தாக்கும் அதன் நஞ்சை வடபுலத்து வைத்தியர்கள் துயரத்துடன் அறிவர். அந்நஞ்சுக்குப் பெயர் 'தெவெட்டீன்'. பிற்காலத் தாவரவியலார் மஞ்சள் அலரியைக் 'கஸ்கபேலா' என்னும் வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டனர். தெவேயின் பெயர் அதன் இரண்டாஞ் சொல்லாக மட்டும் எஞ்சி நிற்கின்றது.