தங்கக் கத்தரியும் ஒரு கேள்வியும்

டாலிகஞ்சில் என் வங்க நண்பனின் தம்பிக்குச் சென்ற மாதம் பூணூல் சடங்கு. 'பொய்தே' என்பர் இங்கே. தலை மழித்து, காவி உடுத்தி, கையில் தண்டுடன் பையன் தாயிடம் பிச்சை கேட்டு நின்றான். வந்தவர்கள் எல்லோரும் வெள்ளிக் கிண்ணங்களின் வேலைப்பாட்டைப் பாராட்டினர். அவன் தங்கை மட்டும் என்னருகே வந்து, "தாதா, எனக்கு ஏன் இது கிடையாது?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

சடங்குப் பொருளின் அழகில் மயங்குவோர் சயாமைப் பார்க்க வேண்டும். இன்று தாய்லாந்து எனப்படும் அந்நாட்டில், குழந்தைக்கு உச்சிக்குடுமி வளர்த்துப் பருவம் நெருங்கும்போது களைவது பழைய வழக்கம். அரச குடும்பத்தில் அதற்குச் 'சோகன்' என்று பெயர். அரண்மனையில் கயிலை மலையையே செயற்கையாக எழுப்பினார்கள். குடுமியை மூன்றாகப் பிரித்து, உலோகத்துக்கு ஒன்றாகப் பொன்னும் வெள்ளியும் பொன்கலந்த செம்பும் இழைத்த கத்தரிகளால் வெட்டினார்கள். சங்கிலிருந்து நீர் வார்த்தார்கள். சடங்கை நடத்திய அந்தணரின் மரபு நம் தென்னாட்டுத் தொடர்புடையது. அவர்களுடைய 'திரியம்பாவாய்' விழாவின் பெயரில் நம் திருவெம்பாவை ஒலிக்கிறதன்றோ! 1784-இல் எழுந்த பாங்காக் தேவஸ்தானத்தில் இன்றும் பிள்ளைகளுக்குக் குடுமி களைகிறார்கள்.

என் நெஞ்சைத் தொட்டது தங்கக் கத்தரியன்று. அச்சடங்கு பெண்ணுக்கும் உண்டு என்பதே. பெண்ணுக்குப் பெரும்பாலும் 11 வயதில், ஆணுக்கு 13 வயதில். அரண்மனையில் பொன், எளியோர் வீட்டில் வெறும் கத்தரி. சடங்கு ஒன்றே. சயாமில் பெண்கள் சரிநிகராக வாழ்ந்தார்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் "நீயும் வளர்ந்துவிட்டாய்" என்று மகனுக்குச் சொன்னதை மகளுக்கும் சொன்னார்கள்.

"நம் பெண்களுக்கு மஞ்சள் நீராட்டு இல்லையா?" என்பீர்கள். உண்டு. பூணூல் பையனைப் படிக்க அனுப்பும் சடங்கு. அதுவும் சில சாதிகளுக்கே. மஞ்சள் நீராட்டோ பெண்ணின் உடலை ஊருக்கு அறிவிக்கும் சடங்கு. என் தங்கைக்கு வரிசைத் தட்டுகள் குவிந்த நாளில், "எப்போது கல்யாணம்?" என்று கேட்டவர் பலர், "என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டவர் ஒருவருமில்லை. நானும் பந்தி பரிமாறிக்கொண்டு வாய்மூடி நின்றவன்தான்.

நண்பர்களே, வெள்ளித் தாம்பாளத்தை உடைக்கச் சொல்லவில்லை. அதில் எதை வைக்கிறோம் என்பதே கேள்வி. அடுத்த விடுமுறையில் ஊரில் அத்தகைய பந்தலுக்குப் போனால், பட்டுப்புடைவைக்கு அருகே ஒரு நல்ல புத்தகத்தை வையுங்கள். ஒருவரும் கேட்காத அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். டாலிகஞ்சுச் சிறுமிக்கு நான் சொல்லத் தவறிய விடை அதுதான்.