சம்பளம் 25 ஆயிரம்... காப்பீட்டு அட்டையும் இல்லை, இஎஸ்ஐயும் இல்லை! நடுவில் நிற்பவர்களுக்கு என்ன வழி?

திண்டுக்கல்லில் ஒருவர் நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 20 ஆயிரத்தில் இருந்து 25 ஆயிரமாக உயர்கிறது. வீட்டில் சந்தோஷம். ஆனால், அந்த உயர்வோடு சேர்ந்து ஒன்று கைநழுவிப் போகிறது. அது மருத்துவப் பாதுகாப்பு.

எப்படி?

இஎஸ்ஐ திட்டத்துக்கான சம்பள உச்சவரம்பு மாதம் 21 ஆயிரம் ரூபாய். தொழிலாளி 0.75%, நிறுவனம் 3.25% கட்டினால் போதும். வெளிநோயாளி சிகிச்சை, மாத்திரை, அறுவை சிகிச்சை எல்லாம் அதில் அடக்கம். வரம்பைத் தாண்டினால், நடப்பு ஆறு மாத பங்களிப்புக் காலம் முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டியதுதான்.

சரி, முதல்வர் காப்பீட்டு அட்டை?

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-ல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆண்டு வருமான வரம்பு 72 ஆயிரமாக இருந்ததை 2022-ல் 1.20 லட்சமாக உயர்த்தினார்கள். அதாவது, மொத்தக் குடும்பத்துக்கும் மாதம் 10 ஆயிரம். 25 ஆயிரம் வாங்குபவர் எப்படி உள்ளே வர முடியும்?

இவர் தனி ஆள் இல்லை. நாட்டில் சுமார் 30% பேர், ஏறக்குறைய 40 கோடி மக்கள், எந்தக் காப்பீடும் இல்லாமல் இப்படி நடுவில் நிற்கிறார்கள் என்றது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை.

தனியார் பாலிசி எடுக்கலாமே?

எடுக்கலாம். 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி இல்லை என்ற கட்டுப்பாடு 2024-ல் நீங்கியது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 3 ஆண்டாகக் குறைந்தது. தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த 18% ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. ஆனாலும் வயதான, சர்க்கரை உள்ள அப்பா அம்மாவுக்கு பிரீமியம் கேட்டுப் பாருங்க, தலை சுற்றும்.

அனைவருக்கும் என்றால் எந்த வழி?

முதல் வழி, வருமான வரம்பை உயர்த்துவது. எளிது, ஆனால் கூடுதல் பிரீமியம் முழுவதும் அரசின் தலையில். இரண்டாவது, வரம்புக்கு மேல் உள்ளவர்கள் பணம் கட்டிச் சேர்வது. இதில் ஒரு சிக்கல்: நோய் வந்தவர்கள் மட்டும் ஓடிவந்து சேர்ந்தால் பிரீமியம் ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது, அரசு மருத்துவமனையையே வலுப்படுத்துவது. 2002-ல் தாய்லாந்து இந்தப் பக்கம் போனது. பிரீமியம் இல்லை, வரிப்பணத்திலேயே சிகிச்சை. நம்மிடமும் இதற்கு அடித்தளம் உண்டு. திண்டுக்கல்லுக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021-ல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது. படுக்கையில் சேர்ந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு, இந்த மாதாந்திர மாத்திரைச் செலவைத் தொடுவதே இல்லை.

விபத்துக்குக் கேட்காத சான்றிதழை மாரடைப்புக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்? விவாதம் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

வருமானம் வரம்புக்குள் இருந்தால், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழுடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். கட்டணமில்லா எண்: 1800 425 3993. வரம்புக்கு மேல் என்றால், ஆபீஸ் குரூப் பாலிசியில் பெற்றோரும் வருகிறார்களா, வேலையை விட்டால் அது என்னவாகும் என்று இன்றைக்கே ஹெச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.