வழியறிந்து ஓடும் வீராங்கனை

விரைந்து ஓடுபவர் வழிதவறின் விரைவாகவே விலகிப்போவார். காட்டிலே வழிதேடி ஓடும் போட்டியின் நுட்பம் இதுவே. பந்தயம் தொடங்கும்போதுதான் தேசப்படம் கைக்கு வரும். அதனையும் திசையறி கருவியையும் கொண்டு, குறித்த இடங்களை வரிசைப்படி கண்டுபிடித்தல் வேண்டும். 1992இல் பிறந்த சுவீடன் நாட்டு மங்கை தூவே அலெக்சாண்டர்சன் இதிலே பன்முறை உலக வாகை சூடியவர். பனிமீது சறுக்கிச் சென்று வழிதேடும் போட்டியிலும் அவ்வாறே.

2025இல் ஸ்பெயினின் பிரெனீஸ் மலைகளில், சுமார் 45 கிலோமீற்றர் மலைப்பாதை ஓட்டத்திலும் அவரே உலக முதன்மை பெற்றார். அங்கே வழி முன்னரே குறிக்கப்பட்டிருந்தது; தேசப்படம் வேண்டியதில்லை. ஆயினும், ஓடிக்கொண்டே கல்லையும் சரிவையும் கணித்துக் காலூன்றுவதற்குக் காடு அளித்த பயிற்சி கைகொடுத்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். களைத்த வேளையிலும் கலங்காத சிந்தையே அவருக்கு உற்ற துணை. பரீட்சை மண்டபம் புகும் மாணவர்க்கும் வேறு துணை உண்டோ?