ஒரு சாண் தோலும் ஒரு வேளைச் சோறும்



முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தால் ஒரு சாண் இருக்கும். அந்த ஒரு சாண் தோலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, ஒருவனுக்கு வேலை உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற வழக்கம் இந்த நாட்டில் நடந்து வருகிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம். "பச்சை குத்திக்கொள்வது அவனவன் இஷ்டம், இதிலென்ன அரசியல்?" என்று மூக்கைச் சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுமையோடு படிக்கும்படி வேண்டுகிறோம்.

பலமனேர்ப் பக்கத்து நிலவரம் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. தக்காளி விலை போனால் அந்த வருடம் வீட்டில் வெளிச்சம். போகாவிட்டால் தக்காளி சாலையோரத்தில், பிள்ளைகள் பேருந்தில். மேற்கே முல்பாகல், கோலார், நரசாப்பூர்த் தொழிற்பேட்டை, பெங்களூர். கிழக்கே வேலூர், இராணிப்பேட்டை, திருப்பெரும்புதூர். இந்த இரண்டு திசையும் கைகொடுக்காதவனுக்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அதுதான் காக்கி உடுப்பு. பத்தாம் வகுப்புச் சான்றிதழும் ஓடுகிற காலும் இருந்தால் போதும், பணம் கட்ட வேண்டாம், சிபாரிசு வேண்டாம் என்று நம்பி விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! ஓட்டத்தில் தேறி, எழுத்தில் தேறி, கடைசியில் மருத்துவச் சோதனையில் கையை நீட்டச் சொல்லும்போது, எட்டு வயதில் திருவிழாச் சந்தையில் பாட்டி குத்திவைத்த பச்சை குறுக்கே வந்து நிற்கிறது.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். ஏனெனில் நம்மவர் பலருக்கு விதியே தெரியாது. பச்சை குத்தும் கடைக்காரனுக்கும் தெரியாது. எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். முதலான மத்தியப் படைகளுக்கு உள்துறை அமைச்சகம் வகுத்துள்ள மருத்துவ நெறிமுறைப்படி மதச் சின்னமோ பெயரோ பச்சையாக இருக்கலாம். ஆனால் அது முன்கையின் உட்பக்கத்தில் இருக்க வேண்டும். அதுவும் இடக்கையில் மட்டும். இல்லையென்றால் புறங்கையில். அளவு அந்த உறுப்பில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஏன் இடக்கை? வலக்கை சல்யூட் அடிக்கும் கையாம்! இராணுவத்திலோ முன்கையின் உட்பக்கம், புறங்கை என்பதோடு சரி. இடக்கை வலக்கை என்ற பாகுபாடு அந்த விதியில் இல்லை. ஆகவே வலது முன்கையின் உட்பக்கத்தில் தாயின் பெயரைக் குத்தியவன் இராணுவத்துக்கு ஆவான், எல்லைப் படைக்கு ஆக மாட்டான். ஒரே அரசு, ஒரே எல்லை, ஒரே துப்பாக்கி. சுடும்போது எந்தக் கையில் பச்சை என்று எதிரி கேட்கப் போகிறானா?

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. சோலாப்பூரைச் சேர்ந்த ஓர் இளைஞரைக் கையிலிருந்த மதச் சின்னத்துக்காகத் தள்ளிய சி.ஐ.எஸ்.எஃப். முடிவை மும்பை உயர் நீதிமன்றம் 2017-இல் ஏற்கவில்லை. மறு ஆண்டே, விமானப்படை ஒருவரின் நியமனத்தைப் பச்சையின் காரணமாக இரத்து செய்தது சரிதான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிற்று. அதே டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல், வலக்கையில் பச்சை இருந்ததற்காகத் தள்ளப்பட்ட ஒருவர் அதை லேசர் சிகிச்சையால் நீக்கிக்கொண்டு மறுபடி மருத்துவக் குழுவின் முன் வரலாம் என்று வழிவிட்டது. நல்லதுதான். ஆனால் டெல்லிக்குப் போய் வழக்குப் போடவும், லேசர் வைத்துக்கொள்ளவும் வசதியுள்ளவன் எதற்காகக் கான்ஸ்டபிள் வேலைக்கு வருகிறான்?

இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று கேட்போர்க்கு ஒரு வார்த்தை. தெலுங்கர் பச்சபொட்டு என்பார்கள், நாம் பச்சை என்கிறோம். கூடையும் ஊசியுமாக ஊர் ஊராய் வந்த குறத்திதான் இரண்டு மொழிக்காரருக்கும் குத்தினாள். கையில் கோலம், தேள், புள்ளிகள், நெற்றியில் பொட்டு. நகை வாங்க வழியில்லாதவளுக்கு அதுதான் நகை. அடகுக் கடைக்குப் போகாத நகை, செத்தாலும் கூடவே வருகிற நகை என்று நம் கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நீலகிரியில் தோடர் பெண்கள் குத்திக்கொள்கிறார்கள். வடகிழக்கே அருணாசலத்தின் அபத்தானியர் முகத்திலேயே குத்திக்கொண்டார்கள். வெளியூர் போன தங்கள் பிள்ளைகள் ஏளனத்துக்கு ஆளாவதைக் கண்டு அந்தச் சமூகத்து இளைஞர்களே 1970-களில் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். ஊரில் அழகு, வேலைக்குப் போன இடத்தில் அவமானம்.

இந்த அவமானம் தானாக முளைத்ததல்ல. வெள்ளைக்காரக் கும்பினி ஆட்சி 1797-இல் வங்காளத்தில் சட்டம் போட்டு, ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சையாகக் குத்திற்று. சென்னை மாகாணத்துக்கும் அந்தக் கொடுமை வந்தது. 1849-இல்தான் ஒழித்தார்கள். பிறகு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம். அது 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. நமக்குப் பச்சை குத்திய அதே குறவர் கூட்டத்தைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றியது அந்தச் சட்டம். 1952-இல் அது நீங்கியது, பதிவேட்டை மூடினார்கள். பார்க்கிற கண்ணை மூடவில்லை.

இன்னொன்றையும் நம் வாசகர்கள் மறக்கலாகாது. 1860-இல் "துரூரோ" என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. அதைத் தொடர்ந்து சென்ற கப்பல்களில் வட ஆர்க்காட்டு ஜில்லாவின் ஏழைகள் ஏராளம். அந்நாளில் பலமனேர் தாலுகா வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1911-இல்தான் சித்தூர் ஜில்லா பிறந்தது. (நம்மைக் "குடியேறியவர்கள்" என்று சொல்பவர்கள் இதையும் கொஞ்சம் படிக்கட்டும். நாம் வந்தேறவில்லை, நம் தலைக்கு மேலே எல்லைக் கோடு வந்து ஏறியது.) அந்தக் கப்பல் பட்டியல்களில் ஊர், தாலுகா, தகப்பன் பெயர் இவற்றோடு உடலிலுள்ள அடையாளங்களுக்கும் ஓர் இடம் இருந்தது. தழும்போ பச்சையோ, ஆள் ஓடினால் பிடிப்பதற்கு! அன்றைய முதலாளி பச்சையைக் குறித்துக்கொண்டு ஏற்றிக்கொண்டான். இன்றைய முதலாளி பச்சையைப் பார்த்து இறக்கிவிடுகிறான். இரண்டு பேருக்கும் நம் தோல் ஒரு தஸ்தாவேஜு.

இனித் தனியார் கம்பெனிகளுக்கு வருவோம். இங்கேதான் பம்மாத்து உச்சத்துக்குப் போகிறது. பெங்களூர்ச் சாலையில் ஒரு நிறுவனத்துக்கு நேர்முகத்துக்குப் போன நம்மவர் பெண் ஒருத்தி, பெயரும் இடமும் வேண்டாம், புறங்கையில் நட்சத்திரமும் மணிக்கட்டில் தம்பி பெயரும் உள்ளவள். கணக்குப் பதிவு தெரியும், மூன்று மொழி தெரியும். வரவேற்பில் உட்காரும் வேலைக்குப் போனாள். "வாடிக்கையாளர் பார்த்தால் நன்றாயிராதும்மா" என்று சொல்லிவிட்டு, உள்ளே சுத்தம் செய்யும் பிரிவில் இடமிருக்கிறது, வருகிறாயா என்றார்களாம்.

தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. கக்கூஸ் கழுவும் கையில் பச்சை இருந்தால் எவனுக்கும் ஆட்சேபம் இல்லை. பாத்திரம் தேய்க்கும் கையில், செங்கல் சுமக்கும் கையில், பட்டுப்பூச்சிக்கு இலை நறுக்கும் கையில், பெங்களூர் மாடி வீட்டுக் குழந்தையைத் தூக்கும் கையில் இருந்தாலும் எவன் கேட்டான்? நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்க வந்தால் மட்டும் அது கண்ணை உறுத்துகிறது. ஆகவே அவர்கள் வெறுப்பது பச்சையை அல்ல. பச்சையைப் பார்த்ததும் இது இன்னாருடைய பெண், இன்ன தெரு என்று ஊகித்துக்கொள்ளும் வசதி அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. சாதி கேட்டால் சட்டம் பாயும். பச்சையைப் பார்த்தால் எந்தச் சட்டமும் பாயாது. "முதல் பார்வையில் நல்ல அபிப்பிராயம்" என்று அதற்கு ஒரு நாகரிகப் பெயர்!

ஐயமிருந்தால் இதைப் பாருங்கள். கையெல்லாம் பச்சை குத்திய விராட் கோலியின் படம் பெரிய பெரிய கம்பெனிகளின் விளம்பரத் தட்டியில் நிற்கிறது. அங்கே அது அழகு, ஆண்மை, தன்னம்பிக்கை. பெங்களூரில் குளிர்சாதன அறையில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் குத்திக்கொண்டால் அதன் பெயர் டாட்டூ. மொகரம் சந்தையிலோ கங்கம்மா ஜாத்திரையிலோ சில ரூபாய்க்குக் குத்திக்கொண்டால் பச்சை. மையும் ஒன்று, ஊசியும் ஒன்று, பில்தான் வேறு. அமெரிக்காவில் இரண்டாயிரம் பேருக்கு மேல் விசாரித்து 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பச்சை குத்தியவர்க்கு அங்கே வேலையிலோ கூலியிலோ குறிப்பிடத்தக்க பாரபட்சம் காணவில்லை என்றது. அங்கே எல்லா வர்க்கத்தாரும் குத்திக்கொள்கிறார்கள், ஆகையால் அதை வைத்து ஏழையைப் பிரிக்க முடியாது என்பது நம் கருத்து. அந்த அமெரிக்காவும் யோக்கியமல்ல. 2025 மார்ச்சில் வெனிசுவேலா நாட்டவர் இருநூற்றுக்கு மேற்பட்டோரை எல் சால்வடார் சிறைக்கு அனுப்பியபோது, அவர்களில் சிலர் குண்டர் கூட்டத்தார் என்பதற்கு அதிகாரிகள் காட்டிய அடையாளங்களில் பச்சையும் ஒன்று. எங்கே ஆள் அந்நியனோ, ஏழையோ, அங்கே தோல் சாட்சி சொல்ல இழுக்கப்படுகிறது.

நமக்கு மட்டும் உரிய ஒரு சங்கடமும் இதில் உண்டு. நம் பிள்ளைகள் "அம்மா" என்று குத்திக்கொள்வது தமிழ் எழுத்தில். ஆந்திரத்தில் அந்த எழுத்தைக் கண்டதும் "அரவவாடா?" என்ற கேள்வி வருகிறது, கர்நாடகத்தில் காவிரித் தண்ணீர் பற்றிய பேச்சு வருகிறது. நாக்கு மூன்று மொழி பேசினாலும் கை ஒரே மொழி பேசுகிறது.

அரசியல் கட்சிகளையும் சும்மா விடுவதற்கில்லை. 1970-களில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது; ஆனாலும் தொண்டன் குத்திக்கொண்டான். 2016-இல் சென்னையில் ஜெயலலிதாவின் பிறந்தநாளை ஒட்டி அவர் முகத்தைக் கும்பலாகக் கையில் குத்திக்கொண்டார்கள். மந்திரி மகன் எவனாவது அந்த வரிசையில் நின்றானா? கட்சி மாறலாம், கொடி மாறலாம், கூட்டணி ஓர் இரவில் மாறலாம். தொண்டன் கையில் ஏறிய மை மாறாது. அந்தக் கையோடு அவன் வேலை கேட்டுப் போகிறபோது சிபாரிசுக் கடிதம் தர எந்தத் தலைவர் வந்தார்?

இதில் ஒரு வேடிக்கை. கையில் பச்சை எந்தப் பக்கம், கால் பங்கா அரைப் பங்கா என்று அங்குலக் கோல் வைத்து அளக்கும் அரசுக்கு, அந்த மையில் என்ன கலந்திருக்கிறது என்று அளக்க இன்றுவரை ஒழுங்கான சட்டம் இல்லை. 2025 தொடக்கத்தில் கர்நாடக சுகாதாரத் துறை, பச்சை குத்தும் மைகளில் இருபத்திரண்டு உலோகங்கள் இருப்பதாகச் சொல்லி, மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவர வேண்டும் என்று கேட்டது. உடம்புக்குள் போகிற விஷத்துக்கு விதி இல்லை; வெளியே தெரிகிற கோலத்துக்கு விதி உண்டு.

"படைக்கு ஒழுங்கு வேண்டாமா? ஆபாசமும் வெறியும் குத்திக்கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்வதா?" என்பார்கள். வேண்டாம் என்றுதான் நாமும் சொல்கிறோம். எழுதியிருப்பது என்ன என்று பாருங்கள். எந்தக் கை என்று பார்க்காதீர்கள். இராணுவத்துக்கு ஒரு விதி, மற்றப் படைகளுக்கு ஒரு விதி என்பதை ஒழித்து ஒன்றாக்குங்கள். பழங்குடிகளுக்கு அவர்கள் வழக்கப்படி குத்திய பச்சைக்கு இராணுவம் விலக்குத் தருகிறது, மெத்தச் சரி. ஆனால் அந்த விலக்கு பட்டியலைப் பார்த்துத் தரப்படுகிறது. எருகுலர் ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில்; அவர்களோடு கொள்வினை கொடுப்பினை உள்ள குறவர் தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலும் சீர்மரபினர் பட்டியலிலும் சிதறிக் கிடக்கிறார்கள்; கர்நாடகத்தில் கொரசர், கொரமர் தாழ்த்தப்பட்டோர். பலமனேரில் நின்று கல்லெறிந்தால் விழும் தூரம்தான் மூன்று மாநிலமும். ஒரே ஊசி குத்திய ஒரே கோலம், ஒரு மாநிலத்தில் மரபு, பக்கத்து மாநிலத்தில் குறைபாடு. பிறப்பையும் பட்டியலையும் விட்டுவிட்டு, சிறு வயதில் பெரியவர்கள் குத்திய பச்சைக்குப் பொதுவாகவே விலக்குக் கொடுப்பதில் அரசுக்கு என்ன நட்டம்?

தனியார் முதலாளிகளைப் பொறுத்தவரை, பச்சை கூடாது என்றால் அதை விளம்பரத்திலேயே எழுதிப் போடட்டும். பேருந்துக் கட்டணம் கொடுத்து, ஒரு நாள் கூலியை இழந்து வந்த பிறகு வாசலில் சொல்வது அயோக்கியத்தனம்.

நம் இளைஞர்களுக்கு: உடுப்பு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், புதிதாகக் குத்துவதற்கு முன் விதியைப் படியுங்கள், ஏற்கெனவே வலக்கையில் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். சோதனையில் தள்ளினால் பேசாமல் திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், மறு மருத்துவச் சோதனை கேளுங்கள். தள்ளிய சீட்டு எதுவாயினும், அரசுப் படையானாலும் கம்பெனியானாலும், அதன் நகலோடு ஞாயிறு காலை சங்கத்துக்கு வாருங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் விண்ணப்பம் எழுதத் தெரிந்த தோழர்கள் அன்று அங்கே இருப்பார்கள். சீட்டுகள் சேர்ந்ததும், சித்தூர்க் கலெக்டருக்கும் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் ஒரே நாளில் மூன்று மனுக்கள் போகும். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் பச்சை குத்திய கையாலேயே பெருவிரல் ரேகை வைக்கட்டும்.