குலாம் முகமது ஷேக்கும் எரிந்துபோன உலகப்படமும்

பழசையும் புதுசையும் ஒரே சட்டத்துக்குள்ள போட்டுட்டா அது கலையாயிடும்னு ஒரு நம்பிக்கை ரொம்ப நாளா இருக்கு. ரவிவர்மா லட்சுமி கையில செல்ஃபோன், மோனலிசாவுக்கு முகக்கவசம்... முதல் தடவை சிரிப்பு வரும். ரெண்டாவது தடவை பார்க்க அதுல ஒண்ணும் இருக்காது. அதனாலேயே "வரலாறும் சமகாலமும் சந்திக்கும்" வகையறா கண்காட்சிக் குறிப்புகளைப் பார்த்தா எனக்குக் கொட்டாவி வந்துடும்.

2025-ல் டெல்லி சாகேத்தில், கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் நடந்த குலாம் முகமது ஷேக் கண்காட்சியில் அந்தக் கொட்டாவி வரலை. அறுபது வருஷ ஓவியங்கள். (அருங்காட்சியகம் இருந்தது ஒரு ஷாப்பிங் மாலுக்குள்ள. அனுமதி இலவசம். பின்னால இருக்கிறது எச்.சி.எல். ஷிவ் நாடார் குடும்பம், அதாவது நம்ம திருச்செந்தூர் பக்கத்துக்காரர். மென்பொருள் காசு ஓவியமா மாறுறதைப் பார்க்கிறதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.)

ஷேக் 1937-ல் குஜராத்தின் சுரேந்திரநகரில் பிறந்தவர். பரோடாவில் படிச்சு, 1960-களில் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டுக்குப் போய், திரும்பி வந்து பரோடாவிலேயே பாடம் நடத்தினவர். குஜராத்தியில் கவிதையும் எழுதுவார்.

நான் ரொம்ப நேரம் நின்னது அவரோட 'மாப்பாமுண்டி' படங்கள் முன்னாடி. இதுக்கு அடிப்படை எப்ஸ்டார்ஃப் வரைபடம். 13-ஆம் நூற்றாண்டு, ஜெர்மனியில் ஒரு கன்னியாஸ்திரி மடத்தில் கிடைச்சது. முப்பது ஆட்டுத்தோலை ஒண்ணாத் தைச்சு, சுமார் மூன்றரை மீட்டர் அகலத்துக்கு வரைஞ்ச உலகம். மேல கிழக்கு, அங்க இயேசுவின் தலை, ரெண்டு பக்கமும் கைகள், கீழே பாதம், நட்ட நடுவுல ஜெருசலேம். (இப்ப நம்ம ஃபோன் மேப்பில் நடுவுல இருக்கிறது ஒரு நீலப்புள்ளி. அதாவது நாமே!) 1943-ல் ஹானோவர் மேல விழுந்த குண்டுகளில் அசல் எரிஞ்சு போச்சு. இன்னைக்கு இருக்கிறதெல்லாம் பிரதிகள்தான்.

ஷேக்குக்கு அது ஒரு தபால் அட்டையில் கிடைச்சது. அந்த வட்டத்தை அப்படியே எடுத்து, அதுக்குள்ள நம்ம கால ஊர்களையும் தெருக்களையும் வச்சார். சுத்திலும் கபீர், மஜ்னூன், மகதலேனா மரியாள், பொன்மானைத் துரத்தும் ராமர். கணினியில் ஒட்டு வேலை, அச்செடுத்து அதுமேல தூரிகை. 2002 குஜராத் கலவரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் பரோடாவில் உட்கார்ந்து ஒருத்தர் இதைச் செய்யிறார்ங்கிறதை மறந்துட்டுப் பார்க்க முடியலை.

கூட வந்த நண்பர் ரெண்டு கேள்வி கேட்டார். ஒண்ணு, "பாதி ஃபோட்டோஷாப்தானே?" ஆமா, அதுல என்ன? அசலே இல்லாத ஒரு படத்தை பிரதியிலிருந்துதானே எடுத்தாகணும்? ராத்திரி பகலா பழைய நிரலை ஒட்டிப் பொழைக்கிற நாம இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது :-)

ரெண்டாவது கேள்விதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. "இவருக்கு எதுக்கு ராமர்?"

ஜெர்மன் மடத்து வரைபடம் இவருக்கு எதுக்குன்னு அவர் கேட்கலை பாருங்க. வெள்ளைக்காரன் சொத்தை எடுத்தா அது பரந்த பார்வை. பக்கத்து வீட்டுக் கதையை எடுத்தா மட்டும் உனக்கு ஏன். சின்ன வயசுல கேட்ட கதை, நடந்த தெரு, பார்த்த படம் எல்லாம் ஒருத்தனோட சொத்துதான். அதுக்குப் பட்டா கேட்க நாம யாரு? ஷேக் அதை வாதாடலை. 'ரிட்டர்னிங் ஹோம் ஆஃப்டர் எ லாங் ஆப்சென்ஸ்' (1969-73) படத்துல முன்னாடி அவர் அம்மா, புகைப்படத்தில் இருக்கிற மாதிரி. பின்னாடி ஊர் வீடுகள், மசூதி. மேல வானத்தில் பாரசீகச் சுவடி ஓவியத்திலிருந்து வந்த தேவதைகள். அவர் தலைக்குள்ள எல்லாம் ஏற்கனவே ஒண்ணாத்தான் இருந்திருக்கு. செல்ஃபோன் லட்சுமிக்கும் இதுக்கும் வித்தியாசம் இங்கதான்னு நினைக்கிறேன்.

குறையே இல்லையான்னா, இருக்கு. சில பிந்தைய டிஜிட்டல் படங்களில் கூட்டம் ஜாஸ்தி. கண்ணு எங்க உட்காரணும்னு தெரியாம அலையுது. தூரிகை வேலையில் இருக்கிற ஈரம் அச்சில் வரலை.

ஆனா 'காவட்' அதையெல்லாம் மறக்கடிச்சிடுச்சு. ராஜஸ்தானில் கதை சொல்றவங்க தோளில் தூக்கிட்டுப் போற, கதவு கதவாத் திறக்கிற மரப்பெட்டி. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கதை. ஷேக் அதை ஆள் உள்ளே போய் நிக்கிற அளவுக்குப் பெருசாக்கிட்டார். நண்பர்கூட அங்க கேள்வி எதுவும் கேட்கலை.

லண்டன்ல இருக்கிற மக்களே, பரோடா கலவரங்களை வச்சு இவர் 1981-84-ல் வரைஞ்ச 'சிட்டி ஃபார் சேல்' உங்க ஊர் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் சேகரிப்பில் இருக்கு. ஊரே எரியுது, நடுவுல 'சில்சிலா' படம் ஓடிட்டு இருக்கும். மாட்டியிருக்காங்களான்னு விசாரிச்சுட்டுப் போங்க. பார்த்தா எழுதுங்க.